தைராய்டு சுரப்பு இயல்பு, எதிர்ப்பொருள் மட்டும் மிகுதி: இதன் பொருள் என்ன?

எங்கள் நாளமில்லாச் சுரப்பிகள் பிரிவிற்கு வருவோர் பலரின் கையில் உள்ள ஆய்வக அறிக்கை ஏறத்தாழ ஒரே தோற்றத்தில் அமைந்திருக்கிறது. டி.எஸ்.எச். 2.4, ஃப்ரீ டி4 1.2 என்று முதலிரு வரிகள் கூறும். இரண்டும் இயல்பு எல்லைக்குள் உள்ளவை. மூன்றாம் வரியில் மட்டும் ஆன்டி டி.பி.ஓ. 412 என்ற எண் தடித்த எழுத்தில் அச்சாகி, அருகில் மேல்நோக்கிய அம்புக்குறி இடப்பட்டிருக்கும்.

இவ்வறிக்கையைக் கண்டவர்கள் பெரும்பாலும் இரு வழிகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்கின்றனர். சிலர், தமக்குத் தைராய்டு நோய் வந்துவிட்டது என்று முடிவுசெய்து, உடனே மாத்திரை வேண்டும் என்கின்றனர். வேறு சிலர், டி.எஸ்.எச். சரியாக உள்ளது என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் அறிக்கையை மடித்து வைத்து, அதனை அடியோடு மறந்துவிடுகின்றனர். முதல் வழி, தேவையற்ற மருந்தில் கொண்டுபோய் விடும். இரண்டாவது வழி, குறிப்பாகக் கருத்தரிக்க விரும்பும் பெண்களுக்கு, உரிய காலத்தில் செய்ய வேண்டிய பரிசோதனையைத் தவறவிடச் செய்யும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட சரியான வழி எது என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

சுரப்பி இயங்கும் முறை

தைராய்டு, கழுத்தின் முன்பகுதியில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழலைத் தழுவியவாறு அமைந்த சிறு சுரப்பி. விரித்த சிறகுகளையுடைய வண்ணத்துப்பூச்சியின் வடிவினது. நாம் உண்ணும் உணவிலிருந்து அயோடினை ஈர்த்து, டி4, டி3 என்னும் இரு இயக்குநீர்களை அது ஆக்குகிறது. உடல் வெப்பம், இதயத் துடிப்பு, குடலின் அசைவு, மாதவிடாய்ச் சுழற்சி, கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சி ஆகிய அனைத்திற்கும் இவ்வியக்குநீர்கள் இன்றியமையாதவை.

இச்சுரப்பியைக் கண்காணிக்கும் மேற்பார்வையாளர், மூளையின் அடிப்பகுதியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி. தைராய்டு இயக்குநீர் சற்றே குறைந்தாலும் பிட்யூட்டரி அதனை உணர்ந்து, டி.எஸ்.எச். என்னும் தூண்டுநீரை மிகுதியாக அனுப்புகிறது. இயக்குநீர் மிகுந்தால் தூண்டுநீரைக் குறைத்துக்கொள்கிறது. ஆகவே டி.எஸ்.எச். உயர்ந்திருந்தால் தைராய்டு தளர்ந்துள்ளது என்றும், தாழ்ந்திருந்தால் தைராய்டு மிகையாகச் சுரக்கிறது என்றும் பொதுவாகப் பொருள் கொள்கிறோம். பெரும்பாலான ஆய்வகங்களில் வயது வந்தோருக்கான இயல்பு எல்லை ஏறத்தாழ 0.4 முதல் 4.5 வரை அமையும். கருவுற்ற காலத்திலும் முதுமையிலும் இவ்வெல்லை மாறுபடும்.

இங்கு ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். டி.எஸ்.எச்., டி4 ஆகியவை சுரப்பி இன்று எவ்வாறு வேலை செய்கிறது என்பதைக் கூறுபவை. எதிர்ப்பொருள் பரிசோதனை கூறுவது அதனை அன்று. சுரப்பிக்கும் உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலுக்கும் இடையிலான உறவைப் பற்றியே அது பேசுகிறது. இரு வினாக்களும் வேறு வேறாதலின், இரு விடைகளும் மாறுபட்டு நிற்பதில் முரண்பாடு ஏதும் இல்லை.

எதிர்ப்பொருள் என்பது யாது?

நோய்க்கிருமிகள் உடலுக்குள் புகும்போது, அவற்றை அடையாளம் கண்டு பற்றிக்கொள்வதற்காக நம் உடல் ஆக்கும் புரதங்களே எதிர்ப்பொருள்கள். அயலாரை எதிர்க்க வேண்டிய இவ்வாற்றல், சில வேளைகளில் சொந்த உறுப்பையே அயலாகக் கருதிவிடுகிறது. இதனைத் தன்னெதிர்ப்பு என்கிறோம். தன்னெதிர்ப்புக்கு மிக அடிக்கடி ஆளாகும் உறுப்புகளுள் தைராய்டும் ஒன்று.

அறிக்கைகளில் மூவகைத் தைராய்டு எதிர்ப்பொருள்களைக் காணலாம். முதலாவது ஆன்டி டி.பி.ஓ. இது, இயக்குநீரை ஆக்குவதற்குத் தேவையான தைராய்டு பெராக்சிடேஸ் என்னும் நொதிக்கு எதிரானது. பழைய அறிக்கைகளில் மைக்ரோசோமல் எதிர்ப்பொருள் என்று குறிக்கப்பட்டதும் இதுவே. இரண்டாவது, இயக்குநீரைச் சேமித்து வைக்கும் தைரோகுளோபுலின் என்னும் புரதத்திற்கு எதிரானது. மூன்றாவது, டி.எஸ்.எச். வந்து பொருந்தும் ஏற்பிக்கு எதிரானது. இம்மூன்றாவது வகை, சுரப்பியை மிகையாகத் தூண்டும் கிரேவ்ஸ் நோயில் காணப்படுவது. அதன் தன்மையும் சிகிச்சையும் வேறு. இக்கட்டுரை முதலிரு வகைகளை, சிறப்பாக ஆன்டி டி.பி.ஓ.வைப் பற்றியது.

இந்நோயை அறிந்த வரலாறு

1912ஆம் ஆண்டில் ஜப்பானைச் சேர்ந்த ஹகாரு ஹாஷிமோட்டோ என்னும் இளம் அறுவை மருத்துவர், கழுத்து வீக்கத்திற்காக அறுவை செய்யப்பட்ட நான்கு பெண்களின் தைராய்டுத் திசுக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, ஜெர்மன் மொழி மருத்துவ இதழொன்றில் கட்டுரை எழுதினார். அத்திசுக்களில் நிணநீர் அணுக்கள் திரள் திரளாகக் குவிந்திருந்தன. அவை ஏன் அங்கு வந்தன என்பதை அன்று எவரும் அறியவில்லை. அவர் 1934இல் காலமானார்.

உடல் தன்னையே தாக்கிக்கொள்ளாது என்ற கருத்து மருத்துவ உலகில் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. 1956இல் இலண்டனில் டெபோரா டோனியாக், ஐவன் ராய்ட், பீட்டர் கேம்பல் ஆகியோர், ஹாஷிமோட்டோ நோயுற்றோரின் இரத்தத்தில் தைரோகுளோபுலினுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருப்பதைக் காட்டினர். அதே ஆண்டில் அமெரிக்காவில் நோயல் ரோஸ், எர்னஸ்ட் விட்டெப்ஸ்கி ஆகியோர் முயல்களில் செய்த ஆய்வும் அதே முடிவை நோக்கிச் சென்றது. நாம் இன்று எளிதாகச் செய்துகொள்ளும் இரத்தப் பரிசோதனை இக்கண்டுபிடிப்புகளின் வழிவந்ததே.

எண் பெரிதானால் நோயும் பெரிதா?

நோயாளிகள் எங்களிடம் மிகுதியாகக் கேட்கும் வினா இதுவே. நெருப்பில்லாமல் புகையாது என்பர். எதிர்ப்பொருள், புகையைப் போன்றது. சுரப்பிக்குள் தன்னெதிர்ப்பு என்னும் கனல் உள்ளது என்பதை அது அறிவிக்கிறது. ஆனால் புகையின் அளவைக் கொண்டு வீட்டில் எத்தனை அறைகள் எரிந்தன என்று கணக்கிட இயலாது. சுரப்பியின் அணுக்களைச் சேதப்படுத்துவதில் பெரும்பங்கு வகிப்பவை நிணநீர் அணுக்கள். இரத்தத்தில் அளக்கப்படும் எதிர்ப்பொருள் முதன்மையாக ஓர் அடையாளமே.

எனவே எதிர்ப்பொருள் 1,300 உள்ள ஒருவரின் சுரப்பு பல ஆண்டுகள் இயல்பாக இருப்பதும், 150 உள்ள ஒருவருக்குச் சுரப்பு குன்றியிருப்பதும் நிகழக்கூடியவையே. பெருங்கூட்டமாக நோக்கினால், அளவு மிக உயர்ந்தோரிடம் சுரப்புக் குறைவு சற்று மிகுதியாகக் காணப்படும் என்பது மெய். ஆயினும் தனி ஒருவரின் எதிர்காலத்தை அவ்வெண்ணைக் கொண்டு கணித்தல் பொருந்தாது.

மேலும், ஆய்வகத்திற்கு ஆய்வகம் கருவியும் எல்லையும் வேறுபடுகின்றன. ஓரிடத்தில் 9க்கு மேல் மிகுதி எனப்படும். மற்றோரிடத்தில் 34க்கு மேல். இன்னோரிடத்தில் 60க்கு மேல். ஓர் ஆய்வகத்தில் 280 என வந்தது, மற்றோர் ஆய்வகத்தில் 410 என வந்தால் நோய் முற்றிவிட்டது என்று பொருளன்று. அவ்விரு எண்களையும் ஒப்பிடவே இயலாது. இக்காரணங்களால், எதிர்ப்பொருள் உள்ளது என்று ஒருமுறை உறுதியானபின், அதனை மீண்டும் மீண்டும் அளக்குமாறு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அதற்குச் செலவிடும் பணத்தை டி.எஸ்.எச். பரிசோதனைக்குச் செலவிடுவதே பயனுடையது.

எத்தனை பேருக்கு உள்ளது? எத்தனை பேருக்கு நோயாக மாறுகிறது?

இந்நிலை அரிதானதன்று. சென்னை உள்ளிட்ட எட்டு இந்திய நகரங்களில் ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 22 விழுக்காட்டினரிடம் ஆன்டி டி.பி.ஓ. மிகுந்திருந்தது, சுரப்புக் குறைவு இருந்தவர்கள் ஏறத்தாழ 11 விழுக்காட்டினரே. இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே, எதிர்ப்பொருள் உடையோரில் பலர் சுரப்பு குன்றாமல் வாழ்கின்றனர் என்பது விளங்கும். ஆண்களைவிடப் பெண்களிடமே எதிர்ப்பொருள் மிகுதி. வயது ஏற ஏற இவ்வெண்ணிக்கையும் கூடுகிறது.

எதிர்காலம் குறித்து நம்பத்தகுந்த விடையைத் தருவது, வடகிழக்கு இங்கிலாந்தின் விக்கம் என்னும் ஊர்ப்பகுதியில் 1970களின் தொடக்கத்தில் தொடங்கிய ஆய்வு. அங்கு வாழ்ந்த மக்களை இருபது ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்து, 1995இல் முடிவுகளை வெளியிட்டனர். டி.எஸ்.எச். இயல்பாக இருந்து எதிர்ப்பொருள் மட்டும் மிகுந்திருந்த பெண்களில், ஆண்டுதோறும் நூற்றுக்குச் சுமார் இருவருக்கே சுரப்புக் குறைவு ஏற்பட்டது. எதிர்ப்பொருளோடு டி.எஸ்.எச்.சும் உயர்ந்திருந்த பெண்களிடையே இது ஆண்டுக்கு நூற்றுக்கு நால்வருக்குச் சற்று மேல்.

இதனை வேறு வகையில் சொல்வோம். எதிர்ப்பொருள் மட்டும் மிகுந்துள்ள நூறு பெண்கள் ஓர் அரங்கில் அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். ஓராண்டு கழித்து அவர்களுள் ஏறத்தாழ 98 பேர் முன்போலவே இருப்பர். இருபது ஆண்டுகள் கழிந்த பின்னும் பெரும்பாலோர் தைராய்டு மாத்திரை தேவைப்படாதவராகவே இருப்பர். ஏறத்தாழ கால் பங்கினருக்கு மட்டும் அது தேவைப்பட்டிருக்கும். அந்தக் கால் பங்கில் யார் யார் அடங்குவர் என்பதை முன்கூட்டியே சொல்ல இயலாது. அதனாலேயே ஆண்டுக்கொரு முறை டி.எஸ்.எச். பார்த்துக்கொள்ளுமாறு கூறுகிறோம்.

இப்போதே மாத்திரை தொடங்கினால் என்ன?

வருமுன் காப்பது நன்றுதானே என்று நோயாளிகள் கேட்பது இயல்பு. இங்கு மாத்திரையின் பணி யாது என்பதைத் தெளிவாக அறிதல் வேண்டும். லெவோதைராக்சின் என்பது உடலுக்குக் குறைவுபடும் டி4 இயக்குநீரை ஈடுசெய்வது. தன்னெதிர்ப்பைத் தணிக்கும் மருந்து அன்று அது. குறைவே இல்லாதபோது ஈடுசெய்ய ஒன்றும் இல்லை. நிரம்பிய குடத்தில் மேலும் நீர் வார்த்தால் வழிந்தோடும். உடலிலோ, மிகையாகும் இயக்குநீர் தீங்கும் விளைவிக்கும். படபடப்பு, உறக்கமின்மை, கைநடுக்கம் ஆகியவை முதலில் தோன்றும். மிகையான அளவு நீண்டகாலம் தொடர்ந்தால், முதியோருக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுதலும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு அடர்த்திக் குறைவும் நேரலாம்.

டி.எஸ்.எச். 10ஐத் தாண்டி நிலைத்திருந்தால் பொதுவாகச் சிகிச்சை தொடங்கப்படும். இயல்பு எல்லைக்கும் 10க்கும் இடைப்பட்டிருந்தால், முதலில் சில வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்து மீண்டும் பரிசோதித்து உறுதிசெய்வோம். பின்னர் வயது, அறிகுறிகள், இதய நிலை, கருத்தரிக்கும் எண்ணம் ஆகியவற்றை எண்ணிப் பார்த்து முடிவெடுப்போம். அம்முடிவில் எதிர்ப்பொருள் இருப்பதும் ஒரு கூறாகக் கருதப்படும். இயல்பு எல்லைக்குள்ளேயே இருந்தால், கருவுற்ற காலம் நீங்கலாக, காத்திருந்து கண்காணிப்பதே முறை.

ஏற்கெனவே எவரேனும் இத்தகைய மாத்திரையைப் பரிந்துரைத்து நீங்கள் உட்கொண்டு வருவீர்களாயின், இக்கட்டுரையைப் படித்துத் தாமாக நிறுத்திவிட வேண்டா. அது எதற்காகத் தொடங்கப்பட்டது, அப்போது டி.எஸ்.எச். எவ்வளவு இருந்தது என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டறிந்த பின்னரே மாற்றம் செய்ய வேண்டும்.

சுரப்பு இயல்பு என்றால் எனக்கு ஏன் இந்தக் களைப்பு?

களைப்பு, முடி உதிர்தல், எடை கூடுதல், மனச்சோர்வு ஆகியவற்றுக்காகவே பலர் இப்பரிசோதனையைச் செய்துகொள்கின்றனர். எதிர்ப்பொருள் மிகுதி என வந்ததும், எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்துவிட்டது என்ற ஆறுதல் ஏற்படுகிறது. அவ்வாறுதலைப் பறிப்பது எங்கள் நோக்கமன்று. ஆனால் அங்கேயே நின்றுவிட்டால், உண்மைக் காரணம் கண்டறியப்படாமலே போய்விடும்.

நம் நாட்டுப் பெண்களிடம் களைப்புக்கு மிகப் பெரும் காரணம் இரும்புச்சத்துக் குறைவும் இரத்தச்சோகையும். அவற்றோடு வைட்டமின் பி12 குறைவு, நீரிழிவு, உறக்கக் குறைபாடு, மனச்சோர்வு நோய் ஆகியவற்றையும் ஆராய வேண்டும். இவற்றுள் பி12 குறைவு தனிக்கவனத்திற்குரியது. இரைப்பையின் மீதான தன்னெதிர்ப்பு, தைராய்டுத் தன்னெதிர்ப்போடு சேர்ந்து காணப்படுவதுண்டு. அந்நிலையில் பி12 உடலில் சேராது. முதல் வகை நீரிழிவு, வெண்புள்ளி, கோதுமைப் புரத ஒவ்வாமையால் வரும் சீலியாக் நோய் ஆகியவையும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. எல்லாருக்கும் எல்லாப் பரிசோதனையும் தேவையில்லை. அறிகுறிகளை முழுமையாகக் கூறினால், எது தேவை என்பதை மருத்துவர் தேர்வுசெய்வார்.

உங்கள் களைப்பு கற்பனை என்று நாங்கள் கருதுவதில்லை. அதன் காரணத்தைத் தேட வேண்டிய இடம் தைராய்டோடு முடிந்துவிடவில்லை என்பதே நாங்கள் கூற விரும்புவது.

கருத்தரிப்பும் பேறுகாலமும்

எதிர்ப்பொருள் உடைய ஒரு பெண்ணுக்கு இப்பரிசோதனை முடிவு உண்மையிலேயே பயன்படும் காலம் இது. கருவுற்ற பெண்ணின் தைராய்டு, வழக்கத்தைவிட ஏறத்தாழ பாதியளவு மிகுதியாக இயக்குநீரைச் சுரக்க வேண்டியிருக்கிறது. முதல் மாதங்களில் கருவிலுள்ள குழந்தை தாயின் இயக்குநீரையே நம்பியுள்ளது. எதிர்ப்பொருள் உடைய சுரப்பி அன்றாடத் தேவையை நிறைவேற்ற வல்லதாயினும், இக்கூடுதல் சுமையைத் தாங்க இயலாமல் போகலாம்.

ஆதலால், கருத்தரிக்க எண்ணும்போதே டி.எஸ்.எச். பார்த்துக்கொள்க. கருவுற்றது உறுதியானவுடன் மீண்டும் பார்க்க வேண்டும். அதன்பின் பேறுகாலத்தின் நடுப்பகுதி வரை ஏறத்தாழ நான்கு வாரத்திற்கு ஒருமுறையும், 30ஆம் வாரத்தையொட்டி ஒருமுறையும் பரிசோதித்தல் நலம். கருவுற்ற காலத்து எல்லைக்கு மேல் டி.எஸ்.எச். உயர்ந்தால் மாத்திரை தொடங்கப்படும்; எல்லைக்குள்ளேயே 2.5க்கு மேல் இருப்பின், எதிர்ப்பொருள் உடையவருக்கு அது பற்றி மருத்துவர் எண்ணிப் பார்ப்பார். பதிவு செய்யும் முதல் நாளிலேயே, எனக்குத் தைராய்டு எதிர்ப்பொருள் உண்டு என்று மகப்பேறு மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அட்டையில் அது எழுதப்பட்டதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கருச்சிதைவு பற்றிய அச்சத்தோடு பலர் வருகின்றனர். எதிர்ப்பொருள் உடைய பெண்களிடையே கருச்சிதைவு சற்று மிகுதியாகக் காணப்படுகிறது என்பது உண்மை. மாத்திரை கொடுத்தால் அது தடைபடுமா என்பதைப் பிரித்தானியாவில் விரிவாக ஆராய்ந்தனர். சுரப்பு இயல்பாகவும் ஆன்டி டி.பி.ஓ. மிகுந்தும் இருந்த, முன்னர்க் கருச்சிதைவையோ குழந்தையின்மையையோ எதிர்கொண்ட 952 பெண்களை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவிற்கு 50 மைக்ரோகிராம் லெவோதைராக்சினும் மற்றதற்கு மருந்தற்ற போலி மாத்திரையும் அளித்தனர். 2019இல் வெளியான முடிவின்படி, குழந்தை உயிருடன் பிறந்தோர் முதற்குழுவில் 37.4 விழுக்காடு, இரண்டாம் குழுவில் 37.9 விழுக்காடு. இரண்டிற்கும் வேறுபாடில்லை. ஆகவே சுரப்பு இயல்பாக உள்ளவருக்கு, கருச்சிதைவைத் தடுக்கும் பொருட்டு மட்டும் இம்மாத்திரை தேவையில்லை என்பது தெளிவாகிறது. முன்பு கருவை இழந்த தாய்மாருக்கு நாங்கள் சொல்ல விரும்புவதும் ஒன்று உண்டு: மாத்திரை எடுக்காமல் விட்டதால்தான் இழந்தோமோ என்று உங்களை நீங்களே நொந்துகொள்ள இதில் இடமில்லை.

மகப்பேற்றிற்குப் பின்னரும் கவனம் தேவை. பேறுகாலத்தில் ஆன்டி டி.பி.ஓ. மிகுந்திருந்த பெண்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிப் பங்கு வரையிலானோருக்கு, குழந்தை பிறந்த ஓராண்டிற்குள் தைராய்டு அழற்சி ஏற்படலாம். முதலில் சில வாரங்கள் படபடப்பும் எடைக்குறைவும், பின்னர்ச் சில மாதங்கள் களைப்பும் மனத்தளர்ச்சியும் தோன்றுவது அதன் வழக்கமான போக்கு. பலருக்கு இது தானே சீராகிவிடும். சிலருக்குச் சுரப்புக் குறைவு நிலைத்துவிடும். பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று வீட்டார் ஒதுக்கிவிடும் களைப்பிற்குள் இது மறைந்திருக்கக்கூடும். குழந்தைக்கு மூன்று மாதம் ஆகும்போதும் ஆறு மாதம் ஆகும்போதும் தாய்க்கு டி.எஸ்.எச். பார்ப்பது, இதனைத் தவறவிடாமல் காக்கும். தாயின் முகம் வாடியிருப்பதை முதலில் காண்பவர்கள் கணவரும் மாமியாரும் தாயாருமே. ஆதலின் இப்பகுதியை அவர்களும் படிக்க வேண்டுகிறோம்.

உணவும் உப்பும் துணைமருந்துகளும்

எதிர்ப்பொருளைக் கரைக்கும் உணவு என்று எதுவும் இல்லை. முட்டைக்கோசு, காலிஃபிளவர், முள்ளங்கி ஆகியவற்றை அறவே விலக்குவோர் உளர். வேகவைத்து, வழக்கமான அளவில் உண்பதால் தீங்கில்லை. கோதுமையை விலக்குவதும், சீலியாக் நோய் உறுதியானவருக்கே தேவை.

அயோடின் கலந்த உப்பைத் தொடர்ந்து பயன்படுத்துங்கள். பெரியவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 மைக்ரோகிராம் அயோடினும், கருவுற்றவருக்கு 250 மைக்ரோகிராமும் தேவை. தைராய்டுக்கு நல்லது என்ற பெயரில் விற்கப்படும் கடற்பாசி மாத்திரைகளையும் மிகை அயோடின் சொட்டுகளையும் தவிர்த்துவிடுங்கள். மிகையான அயோடின் தன்னெதிர்ப்பைத் தூண்டிச் சுரப்பைக் குன்றச் செய்யக்கூடும்.

செலினியம் மாத்திரை சில ஆய்வுகளில் எதிர்ப்பொருளின் அளவைக் குறைத்துள்ளது. எண் குறைந்ததே தவிர, நோயாளியின் உடல்நிலை மேம்பட்டது என்றோ, சுரப்புக் குறைவு தடைபட்டது என்றோ உறுதியாகவில்லை. மிகை செலினியமோ முடி உதிர்வையும் நகம் உடைதலையும் உண்டாக்கும்.

முடிக்கும் நகத்திற்கும் என்று விற்கப்படும் பயோட்டின் மாத்திரை பற்றித் தனியே எச்சரிக்க வேண்டும். உடலுக்கு ஒரு நாளில் தேவையான பயோட்டின் ஏறத்தாழ 30 மைக்ரோகிராம். இம்மாத்திரைகளிலோ அதனைப் போல் நூறு மடங்கிற்கும் மேற்பட்ட அளவு இருப்பதுண்டு. அது தைராய்டைக் கெடுப்பதில்லை. ஆனால் சில ஆய்வகக் கருவிகளின் அளவீட்டைக் குழப்பி, டி.எஸ்.எச்.சைப் பொய்யாகத் தாழ்த்தியும், டி4ஐயும் எதிர்ப்பொருளையும் பொய்யாக உயர்த்தியும் காட்டிவிடும். குறைந்தது இரண்டு நாள் முன்பே அதனை நிறுத்திவிட்டு இரத்தம் கொடுங்கள்.

எப்போது பரிசோதிப்பது? எப்போது உடனே வருவது?

பொதுவாக ஆண்டுக்கொரு முறை டி.எஸ்.எச். போதுமானது. கழுத்தில் கட்டியோ வீக்கமோ தென்படாதவருக்கு ஸ்கேன் தேவையில்லை. ஸ்கேனில் சுரப்பி சீரற்ற தோற்றத்தில் உள்ளது என வந்தாலும், சுரப்பு இயல்பாக இருக்கும்வரை அது சிகிச்சையை மாற்றுவதில்லை.

பின்வருவன தோன்றினால், ஆண்டு முடியும்வரை காத்திராமல் வர வேண்டும்:

- குளிர் தாங்காமை, மலச்சிக்கல், தோல் வறட்சி, குரல் கரகரப்பு, மாதவிடாய் மிகுதி ஆகியவை புதிதாகத் தோன்றி நீடித்தல்
- படபடப்பு, கைநடுக்கம், காரணமின்றி எடை குறைதல்
- கழுத்தில் கட்டி, விரைவாகப் பெருகும் வீக்கம், விழுங்குவதில் இடர்ப்பாடு
- கருவுற்றிருத்தல், அல்லது கருத்தரிக்க முடிவுசெய்தல்
- இதயத் துடிப்பிற்கான அமியோடரோன், மனநலத்திற்கான லித்தியம், நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் சில புற்றுநோய் மருந்துகள் ஆகியவற்றுள் ஒன்றைத் தொடங்குதல்

கடைசியாகக் கூறிய மருந்துகள், எதிர்ப்பொருள் உடையவரின் தைராய்டை எளிதில் பாதிக்கக்கூடியவை. அவற்றைத் தவிர்க்க வேண்டும் என்பதில்லை. தொடங்கும் முன்னரும் இடையிலும் டி.எஸ்.எச். பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே பொருள்.

குடும்பத்தாருக்கு

இது தொற்றுநோய் அன்று. உணவுப் பழக்கத்தின் குற்றத்தாலோ மனக்கவலையாலோ மட்டும் வந்ததும் அன்று. மரபுவழிச் சாய்வு ஓரளவு உண்டு. ஆதலின் ஒரே குடும்பத்தில் தாய், மகள், உடன்பிறந்தோர் எனப் பலரிடம் காணப்படலாம். அறிகுறி இல்லாத உறவினர் அனைவருக்கும் எதிர்ப்பொருள் பரிசோதனை தேவையில்லை. ஆனால் அவர்களுள் கருத்தரிக்க எண்ணும் பெண்கள் டி.எஸ்.எச். பார்த்துக்கொள்வது நன்று.

மணமாகாத மகளின் அறிக்கையில் இந்த வரியைக் கண்டு, இதனை மறைக்க வேண்டுமா, இவளுக்குப் பிள்ளை பிறக்குமா என்று தாழ்ந்த குரலில் கேட்கும் பெற்றோர் உண்டு. எதிர்ப்பொருள் உடைய மிகப் பல பெண்கள் இயல்பாகவே கருத்தரித்து, நலமான குழந்தைகளைப் பெறுகின்றனர். அவ்வாறு பெறுவதற்கு உதவுவது, மறைப்பதன்று. உரிய காலத்தில் பரிசோதித்துக்கொள்வதே. மறைக்கப்பட்ட அறிக்கையை மகப்பேறு மருத்துவர் காண வாய்ப்பில்லை என்பதை மட்டும் எண்ணிப் பாருங்கள்.

அடுத்த வருகைக்கு முன்

இதுவரையுள்ள தைராய்டு அறிக்கைகள் அனைத்தையும் தேதி வரிசையில் அடுக்கி ஒரே உறையில் வைத்துக்கொள்ளுங்கள். இயன்றவரை ஒரே ஆய்வகத்தில் பரிசோதியுங்கள். உட்கொள்ளும் மருந்துகளோடு, கடையில் தாமாக வாங்கும் ஊட்டச்சத்து மாத்திரைகளையும் பட்டியலில் எழுதுங்கள். அடுத்த டி.எஸ்.எச். எந்த மாதம் என்பதை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

அறிக்கையின் மூன்றாம் வரியில் உள்ள அம்புக்குறி, நீங்கள் நோயாளியாகிவிட்டீர்கள் என்று கூறவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் தைராய்டை நினைவுகூருங்கள், பேறுகாலத்தில் சற்றே அடிக்கடி நினைவுகூருங்கள் என்றே கூறுகிறது. அவ்வளவு செய்தால் போதும். எஞ்சிய நாட்களில் அவ்வெண்ணை மறந்து உங்கள் பணிகளைப் பார்க்கலாம்.